போன வெர்ஷன் கார்த்திகேசு

மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பது பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை. உருப்படியான பிரிவு ஒன்று உண்டு. கையில் இருப்பதை இருக்கும்போதே நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் ஒரு சாதி. அவர்கள் அபூர்வம், பார்த்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள், கையைவிட்டுப் போன பிறகு மட்டும் புகழத் தெரிந்தவர்கள். இவர்களுக்குப் 'போன வெர்ஷன்காரர்' என்று பெயர். மலேசியாவில் ராசா என்ற எங்கள் ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் முதல் ஒட்டுக்கடையிலேயே ஒருவரைப் பார்க்கலாம். தேநீரை உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்து, "முன்ன இருந்தவன் கலக்குனான் பாருங்க, அது தேத்தண்ணி" என்பார். முன்பு இருந்தவன் கலக்கியபோதும் அதே முகம்தான், அதே சுளிப்புதான்.

இந்தச் சாதிக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கார்த்திகேசு போட்டியின்றித் தேர்வாவார். கலும்பாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியவர் அவர்தான். அதுவரை தட்டச்சு இயந்திரத்தை அவர் திட்டாத நாள் கிடையாது. கம்ப்யூட்டர் வந்த மறுநாளே தட்டச்சு இயந்திரம் தங்கமாகிவிட்டது. "அடிச்சா சத்தம் கேக்கும். வேல நடக்குதுன்னு மானேஜருக்குத் தெரியும். இது சத்தமே இல்லாம வேல செய்யுது, திருட்டுப் பய மாதிரி."

அந்தத் திருட்டுப் பயலின் பெயர் விண்டோஸ் தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு வந்ததும் அவன் யோக்கியனானான். பிறகு எக்ஸ்பி வந்தது. நீல வானமும் பச்சை மேடும் திரை நிறைய விரிந்தன. உலகமே அதைப் பார்த்து மயங்கியபோது கார்த்திகேசு கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, "இவ்ளோ பெரிய மேட்டுல ஒரு செம்பனகூட நடல. இவன் எந்த எஸ்டேட்டு மானேஜரு?" என்று கேட்டார். அதற்கடுத்த விஸ்டா, எதைத் தொட்டாலும் 'நிச்சயமாகவா? அனுமதிக்கட்டுமா?' என்று கேட்டது. "எம் பொண்டாட்டிகூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டா" என்று சலித்துக்கொண்டு, இல்லாத பச்சை மேட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டார். செவன் வந்ததும் விஸ்டாவுக்கு விமோசனம் கிடைத்தது. "என்னா இருந்தாலும் கேட்டுக் கேட்டுச் செஞ்சுச்சு. மரியாத தெரிஞ்ச சாதி லா அது." எட்டு வந்தபோது ஸ்டார்ட் பொத்தானையே காணவில்லை. மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார் என்பார்கள். "ஸ்டார்ட் இல்லாத லோரிய எவனாச்சும் வாங்குவானா? செவன் ஓடுச்சு பாருங்க, அதுதான்யா வெர்ஷன்!" அந்த வாசகம் அன்றைக்குப் பிறந்தது, பட்டப்பெயரும் கூடவே பிறந்தது. பத்து வந்தபோது போன பொத்தான் திரும்பி வந்தது. மகிழ்ந்தாரா? "போனது போனதுதான். இது வேற பொத்தான்" என்றார்.

கம்ப்யூட்டரோடு நின்றால் அது ஒரு கிராணியின் கிறுக்கு என்று விட்டுவிடலாம். தோட்டத்துக்கு வந்த ஒவ்வொரு மானேஜரையும் வந்த அன்று கொள்ளைக்காரன் என்றும் மாற்றலாகிப் போன அன்று தெய்வம் என்றும் சொன்னவர். கோயிலுக்கு வந்த குருக்கள் மந்திரத்தை விழுங்குகிறார் என்று கமிட்டியில் புகார் கொடுத்துத் துரத்திவிட்டு, அடுத்தவர் வந்ததும் "அவரு சொன்னா அம்மனே திரும்பிப் பாக்கும்" என்று கண் கலங்கியவர். பத்தாங் காலி போகிற பழைய பாதையில் குழி என்று எம்.பி.க்குக் கடிதம் எழுதி, புதுத் தார் போட்ட பிறகு, "அந்தக் குழி இருந்தப்ப எல்லாரும் மெதுவா போனாங்க" என்று குழிக்காக வருந்தியவர். குழிக்காக!

இப்படிப்பட்ட ஒருவரை ஊர் வீணாக்குமா? துக்க வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை போடுவதற்குள் யாராவது எழுந்து, இறந்துபோனவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அது வழக்கம். கார்த்திகேசு அளவுக்கு அதைப் பேச ஆள் கிடையாது. போனவரைப் புகழ்வதில் அவருக்கு இருந்த பயிற்சி யாருக்கு இருந்தது? மைக்கைப் பிடிப்பார், தொண்டையைச் செருமுவார், "அன்பு நெஞ்சங்களே" என்பார், பின்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருக்கும் இளசுகள்கூட நிமிர்ந்துவிடுவார்கள். கடைசியில் எல்லாரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவர் கண்ணைத் திறந்தால்தான் நிமிடம் முடிந்ததாகக் கணக்கு.

கோயில் ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்ற விவகாரத்தில் வாழ்நாள் முழுக்க அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர் செல்லன். செல்லன் போன பதினாறாம் நாள், கார்த்திகேசு பேசிய பேச்சில் பந்தலே அழுதது. "ஒலி எந்தத் திசையில் போக வேண்டும் என்று அறிந்த ஒரே மனிதர்" என்றார். எல்லாம் முடிந்து புறப்படும்போது செல்லனின் மனைவி இராஜம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

"நல்லா பேசுனீங்கண்ணே."

"எல்லாம் உள்ளத்துல இருந்து வந்ததும்மா."

"தெரியுதுண்ணே. இதுல பாதிய போன தீபாவளிக்கு வந்து சொல்லிருந்தா, அந்த மனுசன் அந்த ஒரு நாளாச்சும் நிம்மதியா சாப்புட்டுருப்பாரு."

கார்த்திகேசு காரில் ஏறி, வீடு வரும் வரை ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். பக்கத்தில் மனைவி விமலா உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்குள்ளும் இதே சட்டம்தான். மகன் தேவன் இங்கே இருந்தவரை 'வெட்டிப் பய'. சிங்கப்பூருக்குப் போன வாரத்திலிருந்து 'தேவன் இருந்தா இந்தக் குழாய் ஒழுகுமா?' தேவன் இருந்தபோதும் அது ஒழுகியது. தேவனும் அதன் பக்கம் போனதில்லை. அந்தக் குழாயைச் சரி செய்தது மகள் ஷாமளா. காலையில் ரயிலைப் பிடித்து ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போய், மாலையில் திரும்பி, குழாய், தொலைக்காட்சி, அப்பாவின் பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவளுக்குக் கிடைத்த பட்டம்: "அவசரக் குடுக்க."

ஷாமளாவுக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. சொன்னதும் கார்த்திகேசு, "ரவாங்கு வேலைக்கு என்னா கொறச்சல்?" என்றார். ரவாங்கு வேலையை அவர் அதுவரை வேலை என்றே ஒப்புக்கொண்டதில்லை. ஷாமளா அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சிரித்தாள்.

"பாத்தியாமா, ரவாங்கு தங்கமாயிருச்சு. நா பினாங்குல போயி இறங்குனதும் நானும் தங்கமாயிருவேன்ல?"

"அவரு குணம் தெரியாதாடி உனக்கு?"

"தெரியும். இங்க இருக்கும்போதே ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு பாத்தேன். ஒரு தடவ. அவ்ளோதான்மா."

சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது; வெங்காயம் எதுவும் அங்கே யாரும் நறுக்கவில்லை. அன்றிரவே விமலா கணவருக்குச் செய்தியைச் சேர்த்தாள். "புள்ள போறதுக்குள்ள அது மூஞ்சியப் பாத்து ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க. மைக்கு வேணும்னா வாங்கித் தரேன்."

கார்த்திகேசுவைக் கல் மனசுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உண்மையாகவே முயன்றார். காலையில் மகளை ஸ்டேஷனில் கொண்டுவிடும்போது, பாதி வழியில் வார்த்தையைத் தயார் செய்துகொள்வார். நாக்கு வரை வரும். கதவைத் திறந்து அவள் இறங்கும் நேரம் வெளியே விழுவது, "குடை எடுத்தியா?" மறுநாள், "குடைய மறந்துராத." அதற்கும் மறுநாள் வானத்தில் ஒரு மேகம் கிடையாது, அன்றும் குடைதான். இறந்தவர்களுக்கென்று அருவியாகக் கொட்டும் தமிழ், உயிருள்ள ஒரு பெண் பிள்ளையின் முன்னால் ஒரு குடையாகச் சுருங்கிவிடுவதைக் கண்டு அவருக்கே வெட்கமாக இருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஷாமளா ஒரு புது லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே பதினொன்று.

"பத்துக்கு என்னா வந்துச்சு?"

"அதுக்கு அப்டேட்டு நிப்பாட்டிட்டாங்கப்பா. இனிமே வைரஸ் வந்தா தடுக்காது."

"நானே எங்கயும் போறதில்ல. வைரஸ் எங்கேர்ந்து வரும்?" திரையை உற்றுப் பார்த்தார். "ஸ்டார்ட்ட எவன் நடுவுல கொண்டாந்து வச்சது? சாமி மேடைய ஹாலுக்கு நடுவுல வச்ச மாதிரி. பத்து ஓடுச்சு பாரு..."

"அதுதான்யா வெர்ஷன்" என்று ஷாமளாவே முடித்தாள். பிறகு எதையோ இரண்டு தட்டுத் தட்டினாள். பொத்தான் நகர்ந்து இடது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "இப்ப ஓகேவாப்பா?"

கார்த்திகேசு பொத்தானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். குறை தீர்ந்துபோன மனிதனின் பரிதாபத்தை நீங்கள் பார்த்ததுண்டா? அவள் நின்றாள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள் என்று சொல்ல வேண்டும். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றார். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு ஷாமளா துணி மடிக்கப் போனாள்.

வழியனுப்பு விருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டு வாசலில். தாமானில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் கூடாரம் வாடகைக்குக் கொடுப்பவர் ஒருவர்தான். ஆகவே அதே நீலக் கூடாரம், அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே கரகரக்கும் மைக். அதே ஆட்களும்தான். முன்வரிசையில் இராஜம்மா, அவளுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுத் திருச்செல்வம், லோரி ஓட்டி ஓய்ந்தவர், சாப்பாட்டில் மட்டும் ஓயாதவர். இலை போட்டுச் சோறு விழுந்துகொண்டிருந்தது. ஷாமளா ரசப் பாத்திரத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள்.

"கேசண்ணே, ரெண்டு வார்த்த பேசுங்க லா!" என்றார் திருச்செல்வம்.

மைக் கைக்கு வந்தது. மேலே பார்த்தார்: நீலக் கூடாரம். முன்னால் பார்த்தார்: தெரிந்த முகங்கள். கை தானாகத் தோள் துண்டைச் சரி செய்தது. வாய் தானாகத் திறந்தது.

"அன்பு நெஞ்சங்களே! ஷாமளா என்ற அந்தப் பெண் பிள்ளையைப் பற்றி நான் என்ன சொல்வேன்! விடியும் முன் எழுந்து வேலைக்கு ஓடிய பிள்ளை. ஓடும் முன் எனக்கு ஒரு கோப்பை தேநீர் கலக்கி, ஆறாமல் மூடி வைத்துவிட்டு ஓடிய பிள்ளை. அதில் ஒரு நாளும் சர்க்கரை கூடியதில்லை. கூடிவிட்டது என்று நான்தான் ஒவ்வொரு நாளும் சொன்னேன். இந்த வீட்டில் எது பழுதானாலும் யாரையும் கூப்பிட்டதில்லை. அந்தப் பிள்ளை இருந்தது. பார்த்துக்கொண்டது. நாம் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை இனி எங்கே காண்போம்!"

இராஜம்மா முந்தானையை எடுத்துவிட்டாள். கார்த்திகேசுவின் குரல் உச்சத்துக்குப் போய் உடைந்து, வழக்கம்போல் கரகரப்பில் வந்து இறங்கியது.

"எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எல்லாரும் எழுந்தார்கள்! பழகிய உடம்புகள், மூளையைக் கேட்டா எழும்? சோற்றுக் கையோடு, பாயசக் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். திருச்செல்வத்தின் வாயில் அப்பளம். கடித்தால் சத்தம் கேட்கும் என்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றார். ஷாமளாவும் நின்றாள், ரசப் பாத்திரத்தோடு. அரை நிமிடம் போன பிறகுதான் யாருக்கோ உறைத்தது. நின்றவர்கள் லேசாக நெளிந்தார்கள். ஆனால் நிமிடத்தை முடிக்க வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரே!

கார்த்திகேசு கண்ணைத் திறந்தார்.

எத்தனையோ பந்தலில் பேசியிருக்கிறார். பேசி முடித்துக் கண்ணைத் திறக்கும்போது அங்கே இருப்பது மாலை போட்ட படம்தான். பேசப்பட்டவர் எதிரே நின்று, கண்ணைத் துடைக்கக் கை ஒழியாமல், இரண்டு கையிலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஐயோ, எம் புள்ள உசுரோட நிக்குதுய்யா!" என்று விமலா உள்ளிருந்து ஓடி வந்தாள். யாரோ சிரித்தார்கள். அப்பளம் படாரென்று உடைந்தது.

"நா பினாங்குக்குத்தான்பா போறேன்" என்றாள் ஷாமளா. குரல் சரியாக வரவில்லை. "ரசம் ஆறுது. உக்காருங்க."

உட்கார்ந்தார். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். இலையில் சோற்றைக் குழியாக்கினார். அவள் ஊற்றினாள். ஒரு கை அள்ளிக் குடித்தார். பந்தல் மொத்தமும் அந்த வாயைப் பார்த்தது. அவர் தலை நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

மடியில் கிடந்த மைக் அதை ஊருக்கே சொன்னது. பின்னால் ஏதாவது குறை வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவ்வளவுதான். ஷாமளா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். முகம் கழுவிக்கொண்டு வர நேரமாயிற்று. ரசத்தில் அன்றைக்கு உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. சாப்பிட்ட எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; கார்த்திகேசு கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வெர்ஷனைப் பற்றி நீங்கள் கடைசியாகச் சொன்னது என்ன? அடுத்த அறையில் யாராவது பாத்திரத்தை உருட்டுகிறார்களா, இருமுகிறார்களா, விளக்கை அணைக்காமல் விட்டிருக்கிறார்களா? சத்தம் கேட்டால் இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். கேட்கவில்லையா? அப்படியானால் மெதுவாகவே படிக்கலாம், அவசரமே இல்லை. பதினாறாம் நாள் பேச்சை மட்டும் தயார் செய்துகொள்ளுங்கள். நன்றாக வரும். நம் எல்லாருக்கும் அது நன்றாகத்தான் வருகிறது.