அரைநாள் சுற்றுலாவும் என் சிங்க நாற்காலியும்

என் நாற்காலி இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன் நின்று சபதம் செய்தேன். சத்தமாகச் செய்யவில்லை. மனைவி பக்கத்து அறையில் இருந்தாள். சபதமாகவே இருந்தாலும் முன்ஜாக்கிரதை வேண்டுமல்லவா?

முதலில் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாடகக் கம்பெனி ஒன்றை இழுத்து மூடியபோது, ராஜா வேஷக்காரர் உட்காரும் சிம்மாசனத்தை நான் ஏலத்தில் எடுத்துவந்தேன். சாய்மானம் என் தலைக்கு மேலும் ஒரு முழம் போகும். கைப்பிடி இரண்டிலும் சிங்கத் தலைகள். இடது சிங்கத்துக்கு மூக்கு கிடையாது. நான்காவது கால் கொஞ்சம் குட்டை. எனக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை என்பதால், ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை அந்தக் காலுக்கு அடியில் வைத்து ஆணியடித்துச் சமன் செய்திருந்தேன். உட்கார்ந்தால் 'கிறீச்' என்று வரவேற்கும். வாரம் முழுக்க ஊரார் மூக்கை அளந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதில் சாய்ந்தேனென்றால் இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டேன். எனக்கு இருக்கும் ஒரே சுகம் அதுதான்.

என் மனைவிக்கு அது சுகமாக இல்லை. எங்கள் வீட்டில் வெயில் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. நாற்காலி அங்கேதான் இருந்தது. அவளுடைய செடித் தொட்டிகளெல்லாம் நடைவழி இருட்டில் வரிசையாக நின்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

"என்னங்க, செடியெல்லாம் வெளுத்துப் போச்சு. நாற்காலிய கொஞ்சம் நகர்த்தக் கூடாதா?"

"நகர்த்தினா கால் ஆடும்."

"அப்ப நீங்களாவது நகருங்க."

"நான் நகர்ந்தா அப்புறம் நாற்காலி எதுக்கு?"

இந்த வாதத்தில் நான் பல வருஷங்களாக ஜெயித்துக்கொண்டே வந்தேன். போன மாதம் ஒரு நாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் ஜன்னலோரம் முழுக்கச் செடி. நாற்காலியைக் காணோம்.

"நாற்காலி எங்க?"

"கார்பென்டர் எடுத்துட்டுப் போனார். கால் ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவன் நான்தான். எப்படி மறுப்பது?

"எப்ப வரும்?"

"கால் சரியானதும் வரும்."

"கால் எப்ப சரியாகும்?"

"உங்க மூட்டு வலி எப்ப சரியாகும்னு டாக்டர் சொன்னாரா? கால் விஷயம்னா அப்படித்தாங்க."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் இரண்டு முறை பின்னால் சாய்ந்து விழுந்தேன். அந்தத் தச்சரின் பட்டறை எங்கே என்று மனைவியிடம் சாமர்த்தியமாக, பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். "கடலோரமா ஏதோ ஊருங்க. மணிக்கூண்டுக்குப் பின்னாடின்னு சொன்னார்" என்றாள். போதும். எனக்குத் திட்டம் தயாராகிவிட்டது.

"கல்யாணமான நாள்லருந்து உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போகல" என்றேன், குரலை இளக்கி. "ஞாயித்துக்கிழமை ஒரு அரைநாள் சுற்றுலா போலாமா? கடலோர ஊரெல்லாம் சுத்திட்டு, மலை மேல அந்தக் காலத்துக் கோட்டைக் கிராமத்தையும் காட்டறாங்களாம்."

அவள் ஏன், எதற்கு, உடம்புக்கு ஏதாவதா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"சரிங்க. பச்சைக் குடை டூர் கம்பெனியிலயே போவோம். கோட்டைக்குள்ள ஒரு பழைய மாளிகையையும் காட்டறாங்களாம்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அது எனக்கு விளங்கவில்லை. விளங்காததை நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டேன்.

பேருந்தில் எங்கள் வழிகாட்டி ஒரு பச்சைக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எச்சரித்தார். "நாம போற இடமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குழம்பிப் போயிடாதீங்க. குடை எங்கயோ நீங்களும் அங்கதான்."

குழப்பமா? எனக்கா? ஊருக்கே பார்வையைச் சரிசெய்து கொடுப்பவன் நான். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் ஊர் வந்தது. படகுத்துறை, வலைகள், மணிக்கூண்டு. "காலை நீட்டிட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மணிக்கூண்டுக்குப் பின்னால் ஓடினேன். மீன்கடைதான் இருந்தது.

"இங்க மணிக்கூண்டுக்குப் பின்னாடி ஒரு கார்பென்டர் பட்டறை இருக்குமே?" என்று மீன்காரம்மாவைக் கேட்டேன்.

"இது முன்பக்கங்க. பின்பக்கம் போய்ப் பாருங்க."

"நாலு பக்கமும் கடிகாரம் இருக்கே. எது முன்பக்கம்?"

"எதுல மணி சரியா இருக்கோ, அது."

சுற்றி வந்து பார்த்தேன். நான்கும் நான்கு வெவ்வேறு மணி காட்டின. எந்தப் பக்கம் நின்றாலும் வேறொரு பக்கத்துக்குப் பின்னால்தான் நின்றேன். ஒரு பக்கம் முடி வெட்டினார்கள், இன்னொரு பக்கம் பல் பிடுங்கினார்கள். பட்டறை இல்லை. அதற்குள் குடை கிளம்பிவிட்டது.

அடுத்த ஊர். படகுத்துறை, வலைகள், மணிக்கூண்டு.

"இந்த ஊருக்கு இப்பதானே வந்தோம்?" என்றேன்.

"அது வேறங்க. அங்க படகெல்லாம் நீலம், இங்க சிவப்பு" என்றாள் மனைவி. "காலை நீட்டலையா?"

நீட்டினேன். இந்த மணிக்கூண்டுக்குப் பின்னால் மர வாசனை வந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. உள்ளே ஓடினேன். பாதி முடிந்த படகு ஒன்றின் வயிற்றுக்குள்ளிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"என் நாற்காலி வாங்க வந்தேன்."

"நான் படகு கட்டறவன்."

"சிங்கம் வச்ச நாற்காலி."

"சிங்கம் வச்சுப் படகு வேணும்னா செஞ்சு தரலாம்."

"இங்க கார்பென்டர் யாராவது..."

"ஓ, அவரா? பக்கத்துக் கதவுதான். ஞாயித்துக்கிழமை திறக்கமாட்டார். போன மாசம் பெரிய சிங்க நாற்காலி ஒண்ண வண்டில ஏத்திக்கிட்டு மலைக்குப் போனாரே."

"மலைக்கா? மலைல யாருக்கு என் நாற்காலி?"

"உங்களுதா? யாரோ ராஜா உக்காந்த நாற்காலின்னார்."

கால் குட்டையான நாற்காலிக்கு மலையில் என்ன வேலை? யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். தூரத்தில் பச்சைக் குடை ஒரு சந்துக்குள் திரும்பியது. பின்னாலேயே விரைந்தேன். என்னை நம்பி எங்கள் பேருந்திலிருந்த ஒரு தம்பதியும் பின்தொடர்ந்தார்கள். குடை படியேறியது, ஏறினோம். ஒரு கதவுக்குள் நுழைந்தது, நுழைந்தோம். குடை மடங்கியது. அடியில் எங்கள் வழிகாட்டி இல்லை, யாரோ ஒரு பெண்மணி நின்றார்.

"யாருங்க நீங்கல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற கணவர் சமையலறையைப் படம் எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "இந்த அடுப்பு எந்தக் காலத்துதுங்க?"

"போன வருஷம் வாங்கினது. வெளிய போறீங்களா, இல்ல ஆளைக் கூப்பிடவா?"

பேருந்துக்கு வந்து விழுந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "கால் நல்லா நீண்டுச்சாங்க?" என்றாள்.

பேருந்து மலையேறியது. கல் வாசல், கல் தெரு, கல் படி, அதன் முடிவில் ஒரு கல் மாளிகை. சாவிக்கொத்தோடு ஓர் அம்மாள் கதவைத் திறந்துவிட்டார். கூட்டத்தோடு உள்ளே போனேன். பெரிய கூடம். நடுவில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், வெயில் விழும் ஜன்னலோரம், என் நாற்காலி.

"ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கோட்டையை ஆண்ட பிரபு உக்காந்த ஆசனம்" என்றார் வழிகாட்டி. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். "இதுல உக்காந்துதான் நியாயம் சொன்னார். ஒரு தடவை கோபத்துல ஓங்கி அடிச்சார் பாருங்க, இந்தச் சிங்கத்தோட மூக்கே போயிடுச்சு."

அந்த மூக்கை உடைத்தவன் நான். அதன் மேல் வைத்துப் பாதாம் கொட்டை உடைத்தேன்.

"கால் அடியில ஒரு சின்னப் பெட்டி தெரியுதா? அதுலதான் தன்னோட முத்திரைய ஒளிச்சு வச்சிருந்தாராம்."

"அது மூக்குக் கண்ணாடிக் கூடு" என்றேன். "என் கடைக் கூடு. இது என் நாற்காலி."

கூடம் முழுக்கச் சிரித்தது. அடுப்பைப் படம் எடுத்தவர்தான் அதிகமாகச் சிரித்தார். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருங்க. நாலு பேர் பாக்கறாங்க."

"இது நம்ம நாற்காலி."

"நம்மளுது கார்பென்டர்கிட்டதானே இருக்கு?"

"மூக்கில்லாத சிங்கத்தைப் பாரு."

"ஐந்நூறு வருஷம் ஆனா உங்க மூக்கு மட்டும் இருக்குமா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நாடகக் கம்பெனிக்காரன் பிரபுவின் நாற்காலியைப் பார்த்துச் செய்தானா? அல்லது பிரபுவுடையதையே கொண்டுவந்து என் தலையில் கட்டினானா? அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் உட்கார்ந்தது எதில்? பிரபுவுக்கு மூக்குக் கண்ணாடி விற்றது யார்? யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. தீர்த்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது.

எல்லோரும் கொல்லைப்புறத்துக் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். நான் பின்தங்கினேன். கயிற்றைத் தாண்டினேன். உட்கார்ந்தேன்.

கிறீச்.

என் நாற்காலிதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மாதமாக ஸ்டூலில் தவித்த முதுகு, வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி சாய்மானத்தில் போய் ஒண்டிக்கொண்டது. ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடலாமென்று மூடினேன்.

விழித்தபோது எதிரே மஞ்சள் குடை. புதிதாக ஒரு கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய வழிகாட்டி ஓர் அடி பின்வாங்கினார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

"பிரபு மத்தியானத்துல எப்படி ஓய்வெடுப்பார்னு நமக்காகவே நடிச்சுக் காட்டறாங்க."

கை தட்டினார்கள். ஒரு சிறுமி கயிற்றுக்கு மேலாக என்னைத் தொட வந்தாள். அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "தொடாத, பழசு."

எழுந்து ஓடலாமா, இல்லை பிரபுவாகவே இருந்துவிடலாமா என்று தெரியாமல் தவித்தேன். அப்போது சாவிக்கொத்து அம்மாள் வந்தார். பின்னாலேயே என் மனைவி. திட்டு விழப்போகிறது என்று சிங்கங்களை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அசையாதீங்க. அப்படியே இருங்க" என்றார் சாவிக்கொத்து அம்மாள். "எவ்வளவு பொருத்தமா இருக்கு. எங்க பழைய நாற்காலிய செல்லரிச்சுடுச்சு. இதைக் கொண்டு வந்து போட்டோம். ஆனா காலி நாற்காலிய எவ்வளவு நேரம்தான் ஜனங்க பாப்பாங்க? நீங்க ஞாயித்துக்கிழமைல இங்க வந்து உக்காந்துக்கறீங்களா? காலைலருந்து சாயங்காலம் வரைக்கும். வேற ஒரு வேலையும் கிடையாது. வண்டி அனுப்பறோம்."

அப்படியென்றால் இது என் நாற்காலிதான். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் மனைவியை வெற்றியோடு பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள் மெதுவாக. "அவருக்கு லீவே அந்த ஒரு நாள்தான். அவர் வீட்ல இல்லேன்னா எனக்குப் பொழுதே போகாது. செடி வேற, தொட்டியெல்லாம் வெயிலுக்குத் தகுந்தபடி நகர்த்தணும். இனிமே ஞாயித்துக்கிழமை அதை அவர்தான் செஞ்சு தரணும்னு நினைச்சிருந்தேன்."

தொட்டிகளா? ஒவ்வொன்றும் ஆள் கனம் இருக்கும். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்காலி கிறீச்சிட்டு என்னை ஆதரித்தது.

"நான் வர்றேன்" என்றேன் உறுதியாக. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றேன்."

"என்னங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. என் நாற்காலி எங்கயோ நானும் அங்கதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டத்துக்கு நான் என்னிக்குக் குறுக்க நின்னேன்?" என்று சொல்லிவிட்டுக் கிணற்றைப் பார்க்கப் போனாள். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் சொல்லை மீறி நான் நடத்திக் காட்டிய முதல் காரியம். சிங்கங்களின் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

சாவிக்கொத்து அம்மாள் பிரபுவின் அங்கியைக் கொண்டுவந்து என் மேல் போர்த்தினார். கருநீல அங்கி, புத்தம் புதியது. தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. கை சரியாக மணிக்கட்டில் நின்றது. கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் சேராத என் தொந்திக்கு மேலே, பொத்தான்கள் இழுக்காமல் பொருந்தின.

"அளவு எப்படி இவ்வளவு சரியா இருக்கு?" என்றேன், ஒன்றும் புரியாமல்.

"உங்க வீட்டம்மா போன மாசமே குடுத்துட்டாங்களே" என்றார் அவர், கடைசிப் பொத்தானைப் போட்டபடி. "நாற்காலிய முதல்ல அனுப்பறேன், ஆள் தானாவே தேடிக்கிட்டு வந்துடுவார்னாங்க."