பூச்சிகூடத் தொடாத நெல்

நெல்லைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றுவதற்கென்றே பிறப்பெடுத்த நிறுவனம் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது இந்த நெல் ஆராய்ச்சி நிலையம்தான். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அது பூச்சியை ஒழித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒழிப்பதற்குப் போதுமான பூச்சியை மிச்சம் வைத்திருக்கிறது என்பதிலிருந்தே அதன் தொலைநோக்கு விளங்கும்.

அங்கே பூச்சியை ஒழிக்க நாற்பது பேர் இருந்தார்கள், வளர்க்க ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் பூச்சிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பின்கட்டில் வலையடித்த ஓர் அறை, அதில் வரிசையாகத் தட்டுகள், தட்டுகளில் நெல் நாற்று, நாற்றின் அடித்தண்டில் எள்ளைத் தூவியதுபோல் புகையான். சாற்றை உறிஞ்சியே வயலைப் புகைந்ததுபோல் கருக்கிவிடும் அந்தப் பழுப்புப் பூச்சியை அவர் பதினெட்டு ஆண்டுகளாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்து வந்தார். எந்த ரகம் பூச்சியைத் தாங்கும் என்று சோதிக்க, நல்ல பசியுள்ள பூச்சி வேண்டுமல்லவா?

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா நாளைக்குப் பாக்கலாம்பீங்க. அதுங்க ஒரு வேளை சாப்பிடலைன்னா ஆபீஸுக்கு ஓடுறீங்க" என்று அவர் மனைவி சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டு அவருடைய அக்காவே ஒரு துணிப்பை நெல்லோடு நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

"இது கருங்கம்பிடா தம்பி. இப்ப எங்க வயல்ல மட்டும்தான் இருக்கு. இதுக்கு நாங்க மருந்தே அடிச்சதில்ல. நடலாம்னு நீங்க சொல்ற பட்டியல்ல ஏத்திவிடு."

"நீதான் நட்டுக்கிட்டு இருக்கியே. பட்டியல் எதுக்குக்கா?"

"நான் அடிக்கலைன்னா போதுமா? சுத்தி இருக்கிற நாலு வயல்காரங்களும் அடிக்கிறாங்க. காத்து நம்ம வீட்டுப் பக்கம்தான் வருது. உங்க மாமா ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறாரு. நீங்களும் இதையே நடுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். நிலையம் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கிறாங்க."

போன தடவை போயிருந்தபோது மாமா சுவரில் சாய்ந்தபடி இழுத்த மூச்சு பூச்சிக்காரருக்கு ஞாபகம் வந்தது. பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தம்பிங்கிறதுக்காக ஏத்த முடியாதுக்கா. பூச்சி சொல்லணும்."

"சொல்லும்" என்றாள் அக்கா.

அதற்குள் மேலிடத்துப் பார்வைக் குழு வருவதாகத் தகவல் வந்தது. நிலையம் பெருக்கப்பட்டது, கழுவப்பட்டது, வெள்ளையடிக்கப்பட்டது. நிர்வாக அலுவலர் ஒவ்வோர் அறையாகப் பார்த்து வந்து, பூச்சி அறையை எட்டிப் பார்த்ததும் மயங்கி விழாத குறை. பூச்சிக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, முகமூடி போட்ட இரண்டு பேர் மருந்து அடித்து முடித்துக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் பண்ணிட்டீங்க?"

"வர்றவங்க பெரிய மனுஷங்க. பூச்சித் துறைன்னு போர்டு மாட்டிட்டு உள்ள பூச்சி இருந்தா நல்லாவா இருக்கும்?"

பதினெட்டு ஆண்டு உழைப்பு தரையில் தவிட்டைக் கொட்டியதுபோல் கிடந்தது. விளக்குமாற்றால் கூட்டி அள்ளும்போது பூச்சிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் குழு வந்தது. 'இவ்வளவு சுத்தமான பூச்சித் துறையை எங்கும் கண்டதில்லை' என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனது.

அக்காவின் நெல்லைச் சோதிக்கப் பூச்சி வேண்டுமே. பூச்சிக்காரர் நிலையத்து வயல்களில் இறங்கித் தேடினார். எல்லாம் வாராவாரம் மருந்து குடிக்கும் வயல்கள், ஒரு கொசுகூட இல்லை. கடைசியில் வாசலருகே இருந்த காட்சி வயலுக்கு வந்து சேர்ந்தார். இயக்குநர் பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய 'வஜ்ரம்-4' அங்கேதான் வளர்ந்தது. 'பூச்சி அண்டாது, மருந்து வேண்டாம்' என்று பெரிய பலகை வைத்துவிட்டதால், அந்த வயலுக்கு மட்டும் மருந்து அடிக்க வழியில்லாமல் போயிருந்தது.

பூச்சிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தூரின் அடியில் தட்டைப் பிடித்துத் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது. அரை மணி நேரத்தில் ஆறு ஜாடிகள் நிறைந்தன. அவற்றை வைத்து அறையில் மறுபடி பூச்சியைப் பெருக்கினார். பதிவேட்டில் 'பூச்சி பிடிக்கப்பட்ட இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'வஜ்ரம்-4 காட்சி வயல்' என்று எழுதினார். கட்டம் இருந்தால் உள்ளதை எழுத வேண்டும் என்பது விதி. எழுதியதை யாராவது படிக்க வேண்டும் என்று விதி இல்லை.

சோதனை ஒரே தட்டில் மூன்று வரிசையாக நடந்தது. முதல் வரிசையில் எந்தப் பூச்சிக்கும் இடம் கொடுக்கும் நோஞ்சான் ரகம் ஒன்று. அது செத்தால்தான் பூச்சிக்குப் பசி இருந்தது என்று அர்த்தம். அடுத்தது வஜ்ரம்-4. கடைசியில் கருங்கம்பி. எட்டாம் நாள் நோஞ்சான் வைக்கோலாகிக் கிடந்தது. வஜ்ரம் அதற்குத் துணையாகச் சாய்ந்து கிடந்தது. கருங்கம்பி மட்டும் பச்சையாக நின்றது, அதன் காலடியில் வாடிச் செத்த பூச்சிகள். பூச்சிக்காரர் நம்பாமல் மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் பூச்சிகள் சொன்ன சொல் மாறவில்லை.

முடிவை ஆராய உயர்மட்டக் குழு கூடியது. இயக்குநர், நிர்வாக அலுவலர், நோட்டீஸ் அடிக்கும் விளம்பர அலுவலர் ஆகிய மூவர்.

"பூச்சிக்கு உடம்பு சரியில்ல" என்று தொடங்கினார் இயக்குநர். "அதான் கருங்கம்பியைத் தொடல."

"பக்கத்து வரிசைல வஜ்ரத்தை ஒட்ட உறிஞ்சிருக்கே சார்" என்றார் பூச்சிக்காரர்.

"எங்க புடிச்ச பூச்சி அது?"

பூச்சிக்காரர் பதிவேட்டைத் திறந்து நீட்டினார். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தார்.

"அனுமதி வாங்காம உள்ள போயிருக்கு சார்" என்றார் நிர்வாக அலுவலர், பூச்சிகளைப் பற்றி.

இயக்குநர் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் தெளிவு வந்திருந்தது. "புரிஞ்சுபோச்சு. எல்லாம் வஜ்ரத்தோட ருசி. ஒரு தடவை அதைச் சாப்பிட்ட பூச்சிக்கு வேற எதுவும் இறங்கல. பட்டினி கிடந்து செத்தாலும் சாவேனே தவிர கருங்கம்பியைத் தொட மாட்டேங்குது. நம்ம ரகத்துக்கு இதைவிட என்ன சான்று வேணும்?"

"நோஞ்சானையும் சாப்பிட்டுச்சே சார்?"

"அது தொட்டுக்க."

விளம்பர அலுவலர் பரவசத்தோடு குறித்துக்கொண்டார். "அப்ப கருங்கம்பி சார்?"

"பூச்சியே தொடாததை மனுஷன் எப்படித் தொடுவான்? தள்ளுபடி. விவசாயிங்க ஏமாந்துடக் கூடாது பாருங்க. எச்சரிக்கை நோட்டீஸ் அடிச்சு ஊர் ஊரா ஒட்டச் சொல்லுங்க."

பூச்சிக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "அதை நட்டா மருந்தே அடிக்க வேண்டாம் சார். மருந்துக் காத்துல மூச்சு விட முடியாம கிடக்கிறாங்க சார், எங்க வீட்லயே."

"வீட்டு விஷயத்தை இங்க கொண்டுவராதீங்க. இது விஞ்ஞானம்."

பூச்சிக்காரர் பதிவேட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கட்டம் நிரப்பியே பழகிய மனுஷன், அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். "அப்ப சோதனைல நடந்ததையும் உள்ளபடி போடணும் சார். விதி இருக்கு."

"தாராளமாப் போடுங்க" என்றார் இயக்குநர், பெருந்தன்மையோடு.

நோட்டீஸ் வந்தது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து.

'எச்சரிக்கை. கருங்கம்பி என்னும் நெல்லை நிலையம் மூன்று முறை சோதித்தது. புகையான் பட்டினி கிடந்து செத்ததே தவிர அதைத் தொடவில்லை. நிலையத்தின் வஜ்ரம்-4 ரகத்தை விரும்பி உண்டது. எனவே கருங்கம்பியைப் பயிரிட வேண்டாம் என்று விவசாயிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

அக்காவை எந்த முகத்தோடு பார்ப்பது என்று பூச்சிக்காரர் பத்து நாள் போன் செய்யவே இல்லை. பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"என்னடா எழுதி ஒட்டுனீங்க? காலையிலேர்ந்து வாசல்ல நிக்க இடமில்ல. நோட்டீஸைக் கிழிச்சுக் கையோட கொண்டுவந்து, இந்த விதையைக் குடுங்கங்கிறாங்க. நம்ம நாலு வயல்காரங்கதான் முதல் ஆளா வந்து நிக்கிறாங்க."

"மாமா எப்படி இருக்காருக்கா?"

"அவருதான் மரக்கால்ல அளந்து குடுத்துக்கிட்டிருக்காரு. இந்தப் போகத்துக்கு யாரும் மருந்து அடிக்கப் போறதில்லையாம். பேசுறியா?"

அளக்கிற கையை நிறுத்த வேண்டாம் என்றார் பூச்சிக்காரர். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். வஜ்ரம்-4 நின்ற காட்சி வயலிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்ததெல்லாம் ஆறு கால் கொண்டவை.

நிலையத்தின் வரலாற்றை யாராவது எழுதினால், அந்த மஞ்சள் நோட்டீஸை முதல் பக்கத்தில் போட வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது விவசாயிக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் வாய் தவறி வந்தது.