ஆறு கடக்க ஓர் ஒத்திகை

ஒரு காட்டில் ஒரு சட்டம் இருந்தது. காடு பழையது, சட்டம் புதியது. பத்துப் பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடுவதாக இருந்தால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அது.

சட்டம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரோ வேலையில்லாதவர்கள் போட்ட சட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. கோடை வந்தால் இக்கரையில் புல் காய்ந்துவிடும். அக்கரையில் காயாது. அதனால் மான்கள் ஆண்டுதோறும் மொத்தமாகச் சேர்ந்து ஆற்றைக் கடக்கும், மழை வந்ததும் மொத்தமாகத் திரும்பும். போன கோடையில் அப்படிக் கடந்துகொண்டிருந்தபோது ஒரு முதலை வந்து நடுவில் வாயைத் திறந்தது. மான்கள் மிரண்டு ஓடின. அக்கரையில் ஏறும் வழி ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் முள். நெரிசலில் மிதிபட்டுச் சில மான்கள் இறந்தன.

காட்டின் அரசரான சிங்கம் மிகவும் வருந்தி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். குழு ஆற்றங்கரைக்கு வந்து, நிழலில் உட்கார்ந்து, தேன் குடித்து, நெரிசலுக்குக் காரணம் கூட்டம்தான் என்று கண்டுபிடித்தது. கூட்டம் இல்லாவிட்டால் நெரிசல் ஏது? இதை யாராலும் மறுக்க முடியவில்லை. முதலையைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. ஒரு முதலை தனியாக இருப்பது கூட்டம் ஆகாது.

இந்தக் கோடையில் புல் சீக்கிரமே காய்ந்துவிட்டது. நாலைந்து பேராகப் போனால் அனுமதி வேண்டாமே என்று சில மான்கள் சின்னச் சின்னக் குழுவாக ஆற்றில் இறங்கின. ஒவ்வொரு குழுவிலும் ஒன்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு மற்றவை அலறிக்கொண்டு திரும்பி வந்தன. சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை.

பூவாத்தா என்ற பெண்மானுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய குட்டி படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே யோசித்தது. போன கோடையில் மிதிபட்டு இறந்த மான்களில் அவளுடைய அக்காவும் ஒன்று. அதனால் கூட்டம் என்றால் அவளுக்கும் பயம்தான். ஆனாலும் மொத்தமாகப் போனால்தான் குட்டி பிழைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மந்தையின் தலைவர் கொம்பையாவிடம் போய்ச் சொன்னாள். காட்டிலேயே பெரிய கொம்பு அவருடையது.

"அனுமதி இல்லாம இறங்க மாட்டேன்மா," என்றார் கொம்பையா. "இந்த வயசு வரைக்கும் என் மேல ஒரு கேஸ் கிடையாது. மீறிப் போனா கொம்பைப் பறிமுதல் பண்ணிருவாங்களாம்."

"அப்ப நானே போய் அனுமதி வாங்கிட்டு வரேன் மாமா."

அனுமதி அலுவலகம் ஒரு பெரிய புற்றுக்குப் பின்னால் இருந்தது. அலுவலர் நரி. வரிசையில் பூவாத்தாவுக்கு முன்னால் எறும்புகள் நின்றிருந்தன. ஊர்வலம் போக அனுமதி கேட்டு வந்தவை. "எப்படியும் வரிசையாத்தானே போகப் போறீங்க? அதை இங்கயே முடிச்சுக்கங்க," என்று சொல்லி நரி அவற்றை அனுப்பிவிட்டுக் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பூவாத்தா இருமினாள்.

"என்ன நிகழ்ச்சி?"

"ஆத்தைக் கடக்கணும் சார்."

"பொதுக்கூட்டமா, ஊர்வலமா, திருவிழாவா?"

"கடக்கறது சார். அவ்வளவுதான்."

"அப்படி ஒரு இனமே இல்லியேம்மா. சரி, ஊர்வலம்னு போட்டுக்கறேன். தலைமை?"

"கொம்பையா மாமா முன்னாடி போவாரு."

"சிறப்பு விருந்தினர் யாராச்சும் வர்றாங்களா?"

பூவாத்தா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "முதலை வரலாம் சார்."

"முதலை வர்றதா நமக்கு மனு எதுவும் வரல. மனு இல்லாட்டி வராதுன்னுதான் அர்த்தம்."

பூவாத்தா இன்னும் கிட்டே போனாள். "சார், எங்கக்கா போன வருஷம் அந்த ஏத்தத்துலதான் மிதிபட்டுச் செத்தா. அந்த முள்ளை மட்டும் வெட்டி வழியை அகலமாக்கிட்டா ஒருத்தர் மேல ஒருத்தர் விழ மாட்டோம்."

"அது பாதைத் துறைம்மா," என்றது நரி. "இங்க பாதுகாப்பு மட்டும்தான் பாக்கறோம்."

இந்த இடத்தில் எனக்கு நரியை ஓர் அறை விட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கதை சொல்கிறவன் கதைக்குள் கை நீட்டினால் அப்புறம் கதை நகராது. பூவாத்தாவும் அறையவில்லை. சான்றுகள் வாங்கப் போனாள்.

தீயணைப்புக்குக் கரடி. ஆற்றைக் கடக்கும்போது தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டது. ஆற்றுக்குள் தீ எப்படிப் பிடிக்கும் என்று பூவாத்தா திருப்பிக் கேட்டாள். அதெல்லாம் தெரியாது, கரையில் இரண்டு வாளி தண்ணீர் இருந்தாக வேண்டும் என்றது கரடி. மருத்துவத்துக்குக் கழுகு. "எங்க ஆளுங்க எப்படியும் அங்க வந்துருவாங்க, கவலைப்படாதே," என்று அது அன்பாகச் சொல்லி, ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டது. மேடையின் உறுதியைச் சோதிப்பது மரங்கொத்தியின் வேலை. மேடையே கிடையாது என்றாள். அப்படியானால் மேடை இல்லை என்பதை நேரில் வந்து சோதிக்க வேண்டும் என்றது மரங்கொத்தி. வந்தது, இல்லாத மேடையைக் கொத்திப் பார்த்தது, திருப்தியாகத் திரும்பிப் போனது.

இதற்கெல்லாம் அவள் அலைந்து முடிப்பதற்குள் குட்டியின் விலா எலும்புகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நரிக்கும் முதலைக்கும் நெடுநாள் பழக்கம். முதலை தின்றது போக மிஞ்சுவது நரிக்கு. ஒரு சாயங்காலம் நரி ஆற்றங்கரைக்குப் போய் முதலையிடம் பேசியது.

"அனுமதி கொடுத்துரலாம்னு இருக்கேன் அண்ணே. ரொம்ப நாள் இழுத்தா மேலிடத்துல கேள்வி கேப்பாங்க."

"மொத்தமா இறங்குனா எனக்கு ஒண்ணும் சிக்காதே தம்பி. போன தடவையே வாயைத் தொறந்ததோட சரி. குளம்புதான் மூஞ்சில பட்டுச்சு."

"மொத்தமா எங்க இறங்கப் போறாங்க? நெரிசலைத் தவிர்க்க ஒவ்வொருத்தரா, நல்ல இடைவெளி விட்டுக் கடக்கணும்னு நிபந்தனை போடறேன்."

முதலை கண்ணை மூடி அதை நினைத்துப் பார்த்தது. "இடைவெளி நல்லதுதான். செரிமானத்துக்கு."

எல்லாம் கூடி வந்த நேரத்தில் அரண்மனையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி தரும் முன், அதே இடத்தில் பாதுகாப்பு ஒத்திகை நடத்திப் படங்களை அனுப்ப வேண்டும். போன மாதம் யானைகளின் கல்யாணத்துக்கு நரி அனுப்பிய ஒத்திகைப் படத்தில் ஒரே ஒரு யானைதான் இருந்ததாம், அதுவும் திரும்பி நின்றதாம். சிங்கம் கர்ஜித்துவிட்டார்.

அதனால் இந்தத் தடவை படம் பிரமாதமாக இருக்க வேண்டும் என்று நரி முடிவு செய்தது. கூட்டம் நிறையத் தெரிய வேண்டும், ஆகவே மந்தை முழுவதும் வர வேண்டும். அக்கரை ஏற்றம் அகலமாகத் தெரிய வேண்டும், ஆகவே அங்கே வசிக்கும் காட்டுப்பன்றிகளுக்குச் சொல்லி அனுப்பி முள்ளையெல்லாம் தோண்டி எறியச் செய்தது. பூவாத்தா நேரில் வந்து கேட்டும் நடக்காத வேலை, ஒரு படத்துக்காக ஒரே நாளில் முடிந்தது. மீட்புக் குழு என்று ஒன்று கரையில் நிற்க வேண்டுமே, அதற்கு ஆற்றைப் பற்றி அனுபவம் உள்ளவர் யார் என்று யோசித்து முதலைக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டிப் பாறை மேல் நிறுத்தியது.

"தண்ணியில இறங்கிராதீங்க அண்ணே. இன்னிக்கு வெறும் படம்தான். சாப்பாடு நிகழ்ச்சி அன்னிக்கு."

முதலை ஒப்புக்கொண்டது. வயிற்றுக்கு மேல் பொத்தான் போட முடியவில்லை என்பது மட்டும்தான் அதன் குறை.

நரி ஒத்திகைக்கு ஆணை எழுதி மந்தைக்கு அனுப்பியது. ஒத்திகை நாள் வந்தது. கரடி இரண்டு வாளிகளோடு வந்தது. கழுகும் மரங்கொத்தியும் வந்தன. நரி ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கைபேசியை உயர்த்திப் பிடித்து நல்ல வெளிச்சம் தேடியது. பூவாத்தா மந்தைக்குள் புகுந்து ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனாள்.

"குட்டிங்க எல்லாம் நடுவுல. யாரும் யாரையும் முந்தாதீங்க. முன்னாடி போறவங்க வாலைப் பாத்துட்டே வாங்க. பயம் வந்தா நின்னு பயப்படுங்க, ஓடாதீங்க."

ஊதல் ஊதியது. கொம்பையா இறங்கினார். பின்னால் மந்தை முழுவதும் இறங்கியது. பூவாத்தா நடு ஆற்றுக்கு வந்தாள். போன கோடையில் இங்கேதான் அக்காவின் குரலைக் கடைசியாகக் கேட்டாள். நின்று பயந்தாள். பிறகு நடந்தாள். ஏற்றத்தில் முள் இல்லை, நாலு பேர் தோளோடு தோள் ஏறலாம் போல இருந்தது. ஏறினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மேலே முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். பூவாத்தாவின் குட்டி ஒரு வாய் தின்றது. இன்னொரு வாய் தின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது இக்கரையிலிருந்து நரி கத்தியது. "அருமையா வந்திருக்கு! எல்லாரும் திரும்பி வாங்க! இது ஒத்திகைதான்! அனுமதி வாங்கிட்டு நாளன்னிக்கு முறைப்படி கடக்கலாம்!"

முதலை சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மெல்லத் தண்ணீருக்குள் நழுவியது.

கொம்பையா தின்ற புல்லைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். "வாங்க எல்லாரும். ஆபீசர் கூப்பிடறாரு."

நீங்கள் சிரிப்பீர்கள். பசித்த வயிற்றோடு புல்லின் நடுவே நிற்பவர்கள், எதிர்க்கரையில் ஒருத்தன் கூப்பிட்டான் என்று திரும்பிப் போவார்களா? போவார்கள். நீங்களும் நானும் போயிருக்கிறோம். கொம்பையாவுக்குப் பின்னால் ஒரு மான் திரும்பியது, அதன் வாலைப் பார்த்து இன்னொன்று திரும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மந்தை முழுவதும் ஆற்றைப் பார்த்து நின்றுவிட்டது.

"மாமா, வேண்டாம். முதலை உள்ள எறங்கிருச்சு."

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

பூவாத்தா கொம்பையாவைப் பார்த்தாள். இவரைப் பசியைக் காட்டித் தடுக்க முடியாது, முதலையைக் காட்டியும் தடுக்க முடியாது. கரை விளிம்புக்கு ஓடி எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"சார்! திரும்பி வர்றதுக்கு அனுமதி இருக்கா?"

"என்னது?"

"நாங்க பத்துப் பேருக்கு மேல இருக்கோம் சார்! ஒத்திகை ஆணையில ஆத்தைக் கடக்கறதுன்னுதான் போட்டிருக்கு. கடந்தாச்சு. திரும்பறது வேற நிகழ்ச்சிதானே சார்?"

நரி கைபேசியைக் கீழே இறக்கியது. அது தனியாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கும். ஆனால் பக்கத்தில் மற்ற துறைகள் நின்றுகொண்டிருந்தன.

"திரும்பறதுக்கு நான் சான்று கொடுக்கலியே," என்றது கரடி. "இந்த ரெண்டு வாளியும் போறதுக்குக் கொண்டு வந்தது."

"மேடை இல்லைன்னு நான் சோதிச்சது இந்தக் கரையில," என்றது மரங்கொத்தி. "அந்தக் கரையில மேடை இருக்கா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்?"

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "சரி! அப்ப புது மனு போடுங்க!"

"எங்க சார் குடுக்கணும்?"

"அலுவலகத்துல! நேர்ல!"

"அலுவலகம் உங்க கரையில இருக்கு சார்!"

பிறகு நரிக்கு ஒரு யோசனை வந்தது. "ஒருத்தர் மட்டும் வந்து மனு குடுத்தாப் போதும்! ஒருத்தருக்கு அனுமதி வேண்டாம்! தலைவரையே அனுப்புங்க!"

நடு ஆற்றில் இரண்டு கண்கள் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. மந்தை கொம்பையாவைப் பார்த்தது. பூவாத்தா அவர் பக்கம் போகாமல் நின்றாள். போக வேண்டாம் என்று கெஞ்சினால் கட்டாயம் போய்விடுவார்.

கொம்பையா அந்தக் கண்களைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு கொம்பை நிமிர்த்திக் கணீரென்று சொன்னார்.

"மனுவோட எல்லாச் சான்றும் இணைக்கணும்னு விதி. சான்று இல்லாத மனு குறைபாடுள்ள மனு. என் வாழ்நாள்ல நான் குறைபாடுள்ள மனு குடுத்ததில்லை. சான்றெல்லாம் இங்க வந்து சேரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் இந்தக் கரையை விட்டு நகரக் கூடாது."

சொல்லிவிட்டுப் புல்லில் படுத்துக்கொண்டார். முன்னால் இருப்பவர் வாலைப் பார்த்து மந்தை முழுவதும் படுத்துக்கொண்டது.

நரி அறிக்கை அனுப்பியது. ஒத்திகை வெற்றி, நிகழ்ச்சி நடைபெறவில்லை, உயிரிழப்பு இல்லை. நடக்காத நிகழ்ச்சியை இவ்வளவு பாதுகாப்பாக நடத்தியதற்காகச் சிங்கம் அதற்குப் பதக்கம் கொடுத்தார். முதலை பதக்கத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது.

அக்கரையில் கொம்பையா தினமும் காலையில் ஆற்றங்கரைக்கு வந்து, சான்று வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, வரவில்லை என்று தெரிந்ததும் கடமை முடிந்த நிம்மதியோடு மேயப் போவார். பூவாத்தாவின் குட்டி இப்போது ஓடுகிறது. அம்மா கூப்பிட்டாலும் நிற்பதில்லை.

நீதி: சட்டத்தை எப்போதும் மதித்து நடக்க வேண்டும், மதிக்கத் தொடங்குவதற்கு முன் புல் இருக்கும் கரைக்குப் போய்விட வேண்டும்.