சம்பந்தி வீட்டுத் தராசு

எடையைக் குறைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நானே செய்திருக்கிறேன். குறைத்த எடையைக் கட்டிக் காப்பதுதான் கஷ்டம். திருட்டுப் பயம் உள்ளவள் நகைப்பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல எந்நேரமும் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தொட்டுப் பார்த்த லட்சணத்தில், என் ஒரே தம்பியின் நிச்சயதார்த்தத்தையே கவிழ்க்கப் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் ஆரம்பம். திண்டுக்கல்லில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். வயது இருபத்தெட்டு. அதற்கு முந்தின வருஷம் வரை எண்பது கிலோ. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள், "பொண்ணு பூசினாப்ல இருக்கும்னுதான் சொன்னாங்க. இங்க செவரே எழுப்பி வச்சிருக்கீகளே!" என்றாள். (சொன்னபோது அவள் வாயில் இருந்தது எங்கள் வீட்டுக் கேசரி. அதுவும் மூன்றாவது தடவை வாங்கியது.)

இனிமேல் எவர் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன், தம்பிக்கு முதலில் முடியுங்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ரோஷத்தில் ராத்திரிச் சோற்றையும் இனிப்பையும் நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துக்குப் போக வர நடை. பதினோரு மாதத்தில் பதினெட்டு கிலோ போய்விட்டது.

ஊரே மெச்சியது. "இப்பத்தான் டீச்சர் பாக்குற மாதிரி இருக்கீக" என்றாள் பூக்காரம்மா. அப்படியானால் இத்தனை வருஷம் எதைப் பார்த்தாளாம்? சந்தோஷப்பட வேண்டிய எனக்கு, மெச்சல் கூடக் கூடப் பயம்தான் கூடியது. மறுபடி ஊதிவிட்டால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வாரம் தவறாமல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், காசு போட்டால் அட்டை துப்பும் எடை மிஷினில் ஏறி இறங்கினேன்.

நிச்சயம் ஒட்டன்சத்திரத்தில், பெண் வீட்டில். காலையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மிஷினில் ஏறினேன். அறுபத்து நாலு! போன வாரம் அறுபத்திரண்டு. அட்டையைத் திருப்பினால் ஜோசியம்: "விரைவில் ஏற்றம் காண்பீர்." ஒட்டன்சத்திரம் வரைக்கும் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெண்ணின் அப்பா காய்கறி மண்டி வைத்திருந்தவர். நல்ல நேரம் மதியத்துக்கு மேல்தான் என்பதால் சாப்பாடு முதலில், தட்டு மாற்றுவது பிறகு என்று ஏற்பாடு. என் இலையில் முதலில் விழுந்தது, எலுமிச்சம்பழம் சைஸ் லட்டு. நெய் மினுமினுத்தது. அதைப் பார்க்கப் பார்க்க அந்த அம்மாள் சொன்ன சுவர்தான் கண்முன் எழும்பியது. கீரையை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மாப்பிள்ளையின் அக்கா பாதியில் இலையை மடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவே இல்லை. பெண்கள் பந்தியில் "நாத்தனா கோவிச்சுக்கிட்டாங்க" என்று கிளம்பிய பேச்சு, ஆண்கள் பந்திக்குப் போகும்போது "பொண்ணு பிடிக்கலையாம்" ஆகிவிட்டது. நான் கை கழுவித் திரும்புவதற்குள் என் தம்பிக்கு எரியோட்டில் வேறு பெண்ணே பார்த்து முடித்திருந்தார்கள். உள்ளே கல்யாணப் பெண் சரசு அழுகிற சத்தம். தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெண்ணின் அப்பா எச்சில் கையோடு எழுந்து வந்தார். "ஏனுங்க டீச்சரம்மா, எங்க பக்கம் ஏதாச்சும் கொறைங்களா? இருந்தா நேராச் சொல்லிப் போடுங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். "அடியே, ஒரு லட்டத் தின்னா கொறஞ்சா போயிருவ?"

"கொறைய மாட்டேன்மா! அதான் பிரச்சினையே!"

நான் கத்திய கத்தலில் இரண்டு பந்தியும் கையை நிறுத்திவிட்டது. இனி மறைத்து என்ன? "உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க. லட்டு மேலதான் பயம். பதினோரு மாசமா வாயக் கட்டி எளச்சேன். இன்னிக்குக் காலைல மிஷின் ரெண்டு கிலோ கூடக் காட்டுது" என்றேன். பட்டுச் சேலையோடு தேம்பியும் தொலைத்தேன்.

அம்மா யோசித்தாள். "ஸ்டேஷன்லயா? தோள்ல தேங்காப் பையத் தொங்கவிட்டுக்கிட்டேதான ஏறுன?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பெண்ணின் அப்பாவும் நிம்மதியில், "சந்தேகம்னா பக்கத்துல நம்ம மண்டித் தராசு இருக்குதுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், இனி முன்னாலேயே சிரிக்கட்டும்.

"வாங்க, போவோம்" என்றேன்.

மண்டியில், சங்கிலியில் தொங்கும் பலகைத் தராசு. முருங்கைக்காய்க் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஊஞ்சலில் உட்காருவதுபோல நானே ஏறி உட்கார்ந்தேன். எதிர்ப் பலகையில் எடைக்கற்கள் ஏறின. கால் தரையை விட்டு எழும்பியது. எடை போடுகிறவர் பழக்க தோஷத்தில் ராகமாகக் கூவினார்: "அறுபத்திரண்டேய்! சாக்குக் கழிவு ஒண்ணு, அறுபத்தொண்ணேய்!"

சாக்கு என்று அவர் கழித்தது என் பட்டுச் சேலையை.

சிரிப்பில் என் தம்பியும் சேர்ந்துகொண்டான். அழுது வீங்கிய கண்ணோடு கதவோரம் வந்து நின்ற சரசுவும் சிரித்தாள். நான் இறங்கியதும் கிட்டே வந்து மெதுவாக, "அண்ணி, நானும் ரெண்டு நாளாப் பச்சத் தண்ணிதானுங்க. நீங்க கொடியாட்டம் இருப்பீங்க, பாத்து நடந்துக்கோன்னு வீட்டுல சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேசரி அம்மாளின் இடத்தில், இந்தப் பெண்ணுக்கு, நான்! அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். "ரெண்டு எல போடுங்க."

பதினோரு மாதம் கழித்து ஒரு லட்டு. அவசரப்படாமல், முந்திரி தட்டுப்படும் இடத்தில் நின்று நின்று தின்றேன். பெண்ணின் அம்மா இரண்டாவதைக் கொண்டுவந்தார்.

"தட்டு மாத்தாட்டியும் சரி, ரெண்டாவது கிடையாதுங்க" என்றேன்.

மாற்றினார்கள்.

பயம் அன்றோடு செத்துவிட்டது என்று புளுக மாட்டேன். அப்புறமும் எடை கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. ஏறிய வருஷங்களில் பூக்காரம்மா மெச்சுவதை நிறுத்திக்கொண்டாள். பூ வாங்குவதை நான் நிறுத்தவில்லை.

சரசு இன்றைக்கும் விசேஷ வீடுகளில் என் பட்டுச் சேலையைத் தொட்டு, "கழிவு ஒண்ணு போட்டுக்கலாமுங்களா அண்ணி?" என்பாள். அவள் பிள்ளைகள் புதிதாக வரும் சம்பந்திகளிடமெல்லாம், "எங்க அத்தையத் தூக்கி மண்டித் தராசுல வச்சு நிறுத்தாங்க" என்று கதை அளப்பார்கள். நிறுத்ததெல்லாம் சரி, ஒரு இடத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன்.

"யாரும் தூக்கி வைக்கலடா. நானா ஏறி உக்காந்தேன்."