உப்புத்தாள் சுரண்டிய வண்டி

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் உப்புத்தாள் சுரண்டிப் பார்க்காத ஒரே பொருள் சூரியன்தான். அதுவும் கைக்கு எட்டவில்லை என்பதால் தப்பித்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை, டி.வி. இல்லை, ஆகவே ஊர் வம்பில் எனக்கு அளவு கடந்த ஈடுபாடு. கடவுள் என்மேல் கருணை வைத்து, என் ஜன்னலுக்கு நேர் எதிரில் உப்புத்தாள் என்று ஊரே கூப்பிட்ட பெயிண்டரின் பட்டறையை அமைத்துக் கொடுத்திருந்தார். நாலு கம்பம், மேலே தகரம், வாசலில் ஒரு பூவரச மரம். பெயிண்ட் அடிக்க வந்த வண்டிகள் அந்த மரத்தில் பாகம் பாகமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கே அது தெரியாது.

மற்றவர்கள் சட்டைப்பையில் பீடிக்கட்டு வைத்திருப்பார்கள். இவர் நாலாக மடித்த உப்புத்தாள் வைத்திருப்பார். நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார், கை அது பாட்டுக்கு எதையாவது தேய்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் டீக்கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையைத் தேய்த்தவர், அது முன்பு இஸ்திரிக் கடைக்குச் சொந்தமாக இருந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னார். டீக்கடைக்காரருக்கே அது புதுச் செய்தி. ஒரு கல்யாண வீட்டில் நாற்காலிக் காலைத் தேய்த்துவிட்டு, புது நாற்காலி என்று சொல்லி வாடகைக்கு விட்டதற்கு அது மூன்றாவது பெயிண்ட் என்று அறிவித்தார். முகூர்த்தத்துக்குள் பெண்ணின் தகப்பனாருக்கும் வாடகைக் கடைக்காரருக்கும் கைகலப்பு.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. "மேல கீற கலரு வண்டிக்காரன் சொல்ற கத சார். அடியில கீற கலருதான் வண்டி சொல்ற கத" என்பார். வண்டி முழுக்கதையையும் சொல்லி முடிக்காமல் இவர் பெயிண்ட் டப்பாவைத் திறக்க மாட்டார். பெண் பார்க்கப் போவதற்காக ஸ்கூட்டரைக் கொடுத்த ஒருவர், குழந்தைக்குக் காது குத்தும்போதுதான் திரும்ப வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகைப்படுத்தல். உண்மையில் கல்யாணத்தன்றே கொடுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் தேவராஜ் தன் வண்டியைக் கொண்டுவந்தார்.

தேவராஜ் டிஃபென்ஸ் பேக்டரியில் டெக்னீஷியன். குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். நாற்பதை நெருங்கும் வயதில், உட்காரவே பயமாக இருக்கும் ஒரு வண்டியை வாங்கியிருந்தார். சேற்றிலும் மேட்டிலும் தாவுவதற்கென்று வெளிநாட்டில் செய்த பழங்காலத்து மோட்டார் சைக்கிள். எந்தக் காலத்திலோ இங்கே வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் விட்டுப் போனதாம். பிறகு கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை 'தவக்களை வண்டி' என்றார்கள். பொங்கல் கழிந்து அறுவடை முடிந்ததும் குத்தம்பாக்கம் பக்கத்து வயல்களில் வரப்பு தாண்டும் பந்தயம் நடக்கும். வாழ்க்கையில் ஓட்டப் பந்தயத்தில்கூட ஜெயிக்காத தேவராஜ், அதில் ஓடிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தார். அவர் மனைவி சரோஜா சிவகங்கைப் பக்கத்துக்காரர். வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவுக விழுந்தா அள்ளிட்டு வர ஒரு கூடையும் சேத்து வாங்கிருக்கலாம்" என்பார்.

சித்திரை வெயிலில் வண்டியைக் கழற்றி, எலும்புக்கூடு மாதிரி பிரேமை மட்டும் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்டார் உப்புத்தாள். கறுப்பு அடித்துக் கொடுத்தால் போதும் என்றார் தேவராஜ். அது ஏற்கெனவே கறுப்பாகத்தான் இருந்தது.

"இது கறுப்புன்னு நெனச்சிக்கினுகீறியா நைனா?" என்று உப்புத்தாள் பரிதாபமாகக் கேட்டார்.

கறுப்புக்கு அடியில் கிளிப்பச்சை வந்தது. வண்டிக்கு யாரும் அடிக்காத பச்சை. வீட்டு கேட்டுக்கு அடித்த மிச்சம் என்று உப்புத்தாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நின்றாரா? பச்சைச் செதில் ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறி, வண்டி சில காலம் இருந்ததாகக் கேள்விப்பட்ட திருநின்றவூருக்குப் போனார். தெருத்தெருவாக அலைந்து, ஒரு வீட்டு கேட்டருகே நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தடியோடு வந்தார். முதுகில் இரண்டு வாங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. ஆமாம், அந்த வண்டியை வைத்திருந்தவர் அவரேதான். மகள் கல்யாணத்துக்கு கேட்டுக்கு அடித்த பெயிண்டில் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். உப்புத்தாள் முதுகைத் தடவிக்கொண்டே, பரம திருப்தியாகத் திரும்பி வந்தார்.

பச்சைக்கு அடியில் சிவப்பு வந்தது. அதற்குள் தெருவே இதில் இறங்கிவிட்டது. அடுத்து என்ன நிறம் என்று டீக்கடையில் டீ பந்தயம் கட்டினார்கள். நான் ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குத்தான் போவேன். வெள்ளி நிறம் என்று நான் கட்டியிருந்தேன். வந்தது நீலம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற மாதிரி வெளிர் நீலம், பிரஷ்ஷால் இழுத்தது, நடுவில் இரண்டு மூன்று பிரஷ் முடி வேறு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் உப்புத்தாளின் முகம் சுண்டிப்போயிற்று.

நீலத்தை எடுத்ததும், ஹேண்டில்பார் வந்து பொருந்தும் கழுத்துப் பகுதியில் ஒரு கட்டி தெரிந்தது. பள்ளம் தெரியாமல் பூசி மெழுகுவார்களே, பட்டி, அது. உளி வைத்துத் தட்டினார். எட்டணாக் காசு அளவுக்குத் துண்டாகக் கழன்று விழுந்தது. கட்டி இருந்த இடத்தில், இரும்பின் குறுக்கே தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியது.

அதுவரை அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. விரிசலை வெல்டிங் வைக்காமல் பட்டியால் மூடிப் பெயிண்ட் அடித்திருக்கிறான் ஒருவன். வண்டி மேட்டிலிருந்து குதிக்கும்போது கழுத்து முறிந்தால் ஓட்டுகிறவனுக்கும் கழுத்து முறியும். தெருவே கேட்கும்படி அவர் சபதம் போட்டார்.

"எந்தக் கஸ்மாலம் இத மூடுனானோ, அவன் கையாலயே இந்த வண்டிய சொரண்ட வைக்காம நான் பெயிண்ட் டப்பாவ தொட மாட்டேன்."

விரிசலுக்கு அன்றே வெல்டிங் வைத்தாயிற்று. ஆனால் குற்றவாளியை எப்படிப் பிடிப்பது? அதற்கும் தடயம் இருந்தது. அந்தப் பட்டித் துண்டில் ஒரு கட்டைவிரல் பதிந்த பள்ளம். தகட்டால் அழுத்தாமல் விரலால் அழுத்தியிருக்கிறான், சோம்பேறி. பள்ளத்தின் குறுக்கே ஒரு கோடும் இருந்தது. உப்புத்தாள் அதைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தார்.

அப்புறம் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று ஒவ்வொரு பெயிண்ட் பட்டறையாகப் போய், அங்கே இருக்கிற பெயிண்டரின் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் சிரித்தார்கள். விஷயம் என்னவென்று பரவியதும் முறைத்தார்கள். பூந்தமல்லியில் ஒருவர் இவர் சைக்கிளுக்குக் காற்றைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் விரலைக் கொடுத்தார். யாருக்கும் பொருந்தவில்லை. எங்கள் தெருவில் பெயிண்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட வைத்துப் பார்த்தார்கள். நானும் வைத்தேன். எனக்கு அது தொளதொளவென்று இருந்தது. பொருந்தாமல் போனதில் சின்ன ஏமாற்றம்கூட.

ஐப்பசி பிறந்தது. வெல்டிங் வைத்த பிரேம், பளபளவென்று தேய்த்த வெறும் இரும்பாக மரத்தில் தொங்கியது. மழை பிடித்துக்கொண்டால் துரு தின்றுவிடும். காலையும் மாலையும் எண்ணெய்த் துணியால் துடைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் தேவராஜ். பிரைமராவது அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார். சபதம் சபதம்தான் என்றார் உப்புத்தாள்.

ஒரு சாயங்காலம் கணவரைத் தேடி சரோஜா பட்டறைக்கு வந்தார். நானும் இருந்தேன். அந்த வாரம் எங்கெங்கே போனார், யார் யார் திட்டினார்கள் என்று உப்புத்தாள் சொல்லிக்கொண்டிருந்தார். சரோஜா தீப்பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"எல்லாரு வெரலையும் வச்சுப் பாத்தீகளேண்ணே, உங்க வெரல வச்சீகளா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உப்புத்தாளும் சிரித்துக்கொண்டேதான் வைத்தார். விரல் போய் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. சின்ன வயதில் தகரம் கிழித்த தழும்பு அவர் கட்டைவிரலில் குறுக்காக உண்டு. அந்தத் தழும்பும் பள்ளத்திலிருந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் பட்டாபிராமில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாராம். ஏதோ ஒரு வெறும் பிரேமைக் கொடுத்து நீலம் அடிக்கச் சொன்னார்களாம். என்ன வண்டி என்றுகூடத் தெரியாது. பள்ளம், கோடு எதைப் பார்த்தாலும் பட்டி வைத்து மூடுவதுதான் பெயிண்டர் வேலை என்று நினைத்திருந்த காலம். அதைச் சொல்லிவிட்டுப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவரைக் காணவில்லை. தேவராஜ் பதறிப்போய் வேறு பெயிண்டர்களிடம் ஓடினார். ஒருவரும் வரவில்லை. உப்புத்தாள் பட்டறை வண்டியா, அந்த ஆளே விரலால் அடித்துக்கொள்ளட்டும் என்று எல்லா ஊரிலும் ஒரே பதில். அவமானப்பட்ட விரல்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்துவிட்டன. வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பந்தயத்துக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்த மனிதர், மரத்தடியில் எண்ணெய்த் துணியோடு நின்றதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

உப்புத்தாள் எங்கே போனார் என்பது அவர் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வண்டியை வைத்திருந்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து, உயிரோடு இருக்கிறார்களா, எப்போதாவது விழுந்தார்களா என்று விசாரிக்கப் போயிருக்கிறார். திருநின்றவூர்க்காரர் இவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தடியை எடுத்தாராம். இவர் அதைக் கவனிக்காமல், கழுத்தில் ஏதாவது அடிபட்டதுண்டா என்று கேட்டு அழுதிருக்கிறார். அவர் தடியை வைத்துவிட்டு மோர் கொடுத்தாராம். எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். சிவப்பு அடித்தவர் மட்டும் நொண்டினார். அது மாடியிலிருந்து விழுந்தது.

அப்படியும் உப்புத்தாள் டப்பாவைத் தொடவில்லை. பட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "எவனாச்சும் செத்துப் பூட்டிருந்தா இன்னா சார் பண்ணியிருப்பேன்? என் கைக்கு இந்தத் தொழிலு வேணாம்" என்றார். சட்டைப்பை காலியாக இருந்தது. நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை.

முதல் தூறல் விழுந்தது. சரோஜா புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார்.

"நீங்க என்னண்ணே சபதம் போட்டீக? மூடுனவன் கையாலயே சொரண்ட வைக்கணும்னுதான? சித்திரையிலருந்து இதச் சொரண்டுனது யாரு கை? அவன் தண்டனைய அனுபவிச்சு முடிச்சுட்டான். எந்திரிங்க, மழை வருது."

உப்புத்தாள் அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். சித்திரையிலிருந்து தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை அழிந்திருந்தது. எழுந்து போய் மரத்திலிருந்து பிரேமை இறக்கித் தகரத்துக்கு அடியில் கொண்டுபோனார். மழை வலுத்தது. அவர் எண்ணெயைத் துடைத்துப் பிரைமர் அடித்து முடிக்கும்வரை தேவராஜ், சரோஜா, நான் மூவரும் ஒழுகும் பக்கமெல்லாம் குடை பிடித்தோம்.

நிறம் என்று வந்தபோது, தேவராஜ் கேட்ட கறுப்பு வேண்டாம் என்றார் உப்புத்தாள். "நீலமே அடிக்கிறேன் நைனா. இந்த வாட்டி ஒயுங்கா அடிக்கிறேன்." தேவராஜ் சரி என்றார். அவ்வளவு அழகான நீலத்தை அதற்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் பார்க்கவில்லை.

பந்தயத்துக்கு நாங்கள் கூட்டமாகப் போனோம். தேவராஜ் இரண்டு வரப்புகளை நன்றாகத் தாண்டினார். மூன்றாவதைத் தாண்டி, வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சேற்றில் விழுந்தார். சரோஜா அவரிடம் ஓடினார். உப்புத்தாள் வண்டியிடம் ஓடினார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கீறல்கூட இல்லை என்று அங்கிருந்தே கத்தினார். தேவராஜுக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கடைசி இடம். அவர் அன்றைக்குச் சிரித்த மாதிரி ஜெயித்தவன்கூடச் சிரிக்கவில்லை.

அதன் பிறகு உப்புத்தாள் புதிதாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த வண்டிக்கு வேலை செய்தாலும், சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் பெயிண்ட் காயும் முன்பு கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்திவிடுவார். எதற்கு என்று கேட்டேன். "நாளிக்கு எவனாச்சும் சொரண்டிப் பாத்தா, யார திட்டறதுன்னு தெரிய வேணாமா சார்?" என்றார்.

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஸ்கூட்டர் வாங்கினேன், அதற்கு அவர்தான் பெயிண்ட் அடித்தார். இப்போது அது ஓடுவதில்லை. எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று மாதாமாதம் சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், சீட்டைத் தூக்கி, குறுக்கே தழும்பு ஓடும் அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்க்கிறேன். இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. சீட்டை மூடிவிட்டு வந்துவிடுகிறேன்.