கை கழன்ற பூதம்

பூதத்துக்குக் கைகால் செய்யும் பொறுப்பைத் தானே ஏற்பதாகத் தணிகாசலம் அறிவித்தபோது, சாரம் பகுதியில் இருந்த அவர் வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அதை அவர் கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

அறிவிப்புக்குக் காரணம் இருந்தது. மகள் சுடர்விழி ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசற்படி தாண்டினால் குரல் பல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். காலையில் பெயர் கூப்பிடும்போது அவள் சொல்லும் "பிரசென்ட் மிஸ்" மிஸ்ஸின் காதுவரை போவதில்லை. அந்த வகையில், பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டே பலநாள் லீவு எடுத்த ஒரே பெண் அவள்தான். ஆண்டு விழாவில் பொம்மை நாடகம் வந்தது. திரைக்குப் பின்னால் நின்று பேசினால் கூச்சம் இருக்காது என்று மிஸ் அவளுக்குப் பூதத்தைக் கொடுத்தார். மாமரத்தைக் காவல் காக்கும் பூதம். பொம்மையை வீட்டிலேயே செய்துவர வேண்டும். இந்தமுறையும் குரல் வராவிட்டால் இனி யாரும் இவளை மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

தணிகாசலம் அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளர். பாலங்களையும் வாய்க்கால்களையும் தாளில் கட்டுபவர். நிறையப் படித்தவர், படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாதவர். அவருடைய திட்டம் இதுதான்: பூதத்தின் கைகால் உயிருள்ளது மாதிரி ஆடினால் அரங்கமே வாயைப் பிளந்து அதைத்தான் பார்க்கும். பெண் பேசினாளா இல்லையா என்று யார் கவனிக்கப் போகிறார்கள்?

"அப்ப புள்ள பேசவே வேணாமா?" என்றாள் மனைவி கலைவாணி.

"பேசட்டுமே. கேக்கலன்னாலும் பாதகம் இல்லன்றேன்."

கலைவாணி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத நேரங்களில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் இலக்கணம் வகுத்தார். பூதம் வேறு, அரக்கன் வேறு, பேய் வேறு. பூதத்துக்குத் தொப்பை கட்டாயம். அரக்கனுக்கு வம்சம் உண்டு. பேய்க்குக் கால் கிடையாது.

"அப்ப பேயே செஞ்சிடுங்களேன். கால் செய்யற வேல மிச்சம்."

"மிஸ் பூதம்னுதான் கேட்டிருக்காங்க."

"மிஸ் வந்து கால எண்ணவா போறாங்க?"

தலையும் தொப்பையும் கலைவாணி பொறுப்பு. பலூனை ஊதி, மைதாப் பசையில் முக்கிய பழைய பேப்பரை அதன்மேல் ஒட்டிக் காயவைத்துக் கத்தரிக்காய் நிறம் பூசினாள். சட்டைப் பித்தான் இரண்டு கண்ணாயின. ஒரே சாயங்காலத்தில் பூதம் தொப்பையைத் தள்ளிக்கொண்டு, கைகால் எப்போது வரும் என்று கேட்பதுபோல் அலமாரிமேல் உட்கார்ந்துவிட்டது.

கைகால் சுலபத்தில் வரவில்லை. தணிகாசலம் பிளாஸ்டிக் குழாயை அறுத்தார். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கதவுக் கீல் வைத்தார். நட்டுப் போட்டு இறுக்கினார். உள்ளே சைக்கிள் பிரேக் கம்பியைச் செலுத்தி, மூட்டுக்கு ஒரு பிரேக் பிடி பொருத்தினார். ஒரு பிடியை அழுத்தினால் ஒரு மூட்டு மடங்கும். கணக்குப்படி எல்லாம் சரி.

வெள்ளோட்டத்தன்று பிடியை அழுத்தினார். வலக்கை கம்பீரமாக எழுந்து நெற்றிவரை போயிற்று. போனது அங்கேயே நின்றது. கவர்னர் மாளிகை வாசலில் நிற்கும் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் மாதிரி பூதம் விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருந்தது. சுடர்விழி மரியாதையாகத் திருப்பி ஒரு சல்யூட் வைத்தாள்.

"காவல் பூதம்தானே, பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள் கலைவாணி. பிறகு கொஞ்சம் தயங்கி, "இத்தினி கம்பி எதுக்குங்க? துணியில நாலு குழா தெச்சி, கையிலயும் கால்லயும் கொஞ்சம் புளியங்கொட்டை போட்டு, தொளதொளன்னு தொங்க உட்டா ஆவாதா? ஒடம்ப ஆட்டினா கை தானா ஆடும்."

தணிகாசலம் பரிவோடு சிரித்தார். தானாக ஆடுவது கொடியில் காயும் சட்டை. நாம் நினைத்தபடி ஆடுவதுதான் பொறியியல். இதை அவர் விளக்கி முடிக்கப் பருப்பு வேகும் நேரம் பிடித்தது. இத்தனை பிடிகளையும் அழுத்தப் பிள்ளைக்கு இரண்டு கைதானே இருக்கிறது என்று கலைவாணி கேட்டதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்.

அதன்பிறகுதான் அந்த மர்மம் தொடங்கியது. சாயங்காலம் அவர் நட்டுகளை முறுக்கி வைப்பார். மறுநாள் வேலைவிட்டு வந்தால் பூதத்தின் கை தோளைவிட்டுத் தொங்கும். மறுபடி முறுக்குவார். மறுபடி தொங்கும். ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். கடல் காற்று. அதிலுள்ள உப்பு நட்டின் உள்மரையைத் தின்கிறது.

"காந்தி சிலைகிட்ட கடலுக்கு நேரா நிக்கற வெளக்குக் கம்பத்துக்கு ஒண்ணும் ஆவல. சாரத்துல இருக்கற நம்ம நட்டு மட்டும் கழண்டுக்குதா?"

"அது வார்ப்பிரும்பு, வாணி. இரும்புல பல ஜாதி இருக்கு."

"ஓகோ" என்று கலைவாணி கீரையை ஆயப் போய்விட்டாள்.

விழாவுக்கு முந்தின வாரம் ஒருநாள், அலுவலகத்தில் கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டர்கள் உறங்கிவிட, தணிகாசலம் மதியமே வீட்டுக்கு வந்தார். ஒன்றாம் வகுப்புக்கு மதியத்தோடு பள்ளி விட்டுவிடும். சுடர்விழியும் வீட்டில் இருப்பாள். முன்கதவு தாழ் போட்டிருந்தது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனார். சாத்தியிருந்த பின்கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. டிவி என்று நினைத்தார். இடுக்கில் கண்ணை வைத்தார்.

கலைவாணி சப்பணமிட்டு உட்கார்ந்து, அவருடைய ஸ்பேனரால், அவர் முந்தின நாள் முறுக்கிய நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பூதத்தின் கை தொப்பென்று தொங்கியது.

"பாவம், பூதத்துக்குக் கை வரல பாப்பா. அது எப்பிடி மெரட்டும்? நீதான் அதுக்கும் சேத்துப் பேசணும்."

சுடர்விழி வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள். "யார்ரா என் மாமரத்தத் தொட்டது? கை இல்லன்னு பாத்தியா? எனக்கு வாய் இருக்குடா."

மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து பறந்தது.

தணிகாசலத்துக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. இந்தக் குரல் வராது என்று முடிவு கட்டி, வராததை மறைக்கத்தான் இத்தனை கம்பியும் கீலும் வாங்கினோம் என்று தோன்றியது. சத்தமில்லாமல் திரும்பி, தெருமுனைக் கடையில் டீ குடித்து, வழக்கமான நேரத்தில் வண்டி ஹாரனை அடித்துக்கொண்டு வீடு வந்தார். தொங்கிய கையைப் பார்த்துக் கடல் காற்றைத் திட்டவும் மறக்கவில்லை.

மறுநாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் அவரைக் காண முடியவில்லை. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சந்தில் நுழைந்து, பின்கதவுக்கு வெளியே துவைக்கிற கல் ஓரமாக நின்று மகள் பேசுவதைக் கேட்டார். முதல்நாள் நடுவில் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் ஏறியது. போகப் போகச் சந்தின் மறுகோடிவரை கேட்டது. மூச்சுவிடாமல் நின்றபடியே அவர் ஒரு பெருமிதமும் அடைந்தார். கல்யாணமான நாள் முதல் மனைவிக்குத் தெரியாமல் அவர் செய்த முதல் காரியம் இது.

சும்மா கேட்டுக்கொண்டிருக்க அவர் குணம் விடவில்லை. ஒரு சாயங்காலம் குழாய், கீல், கம்பி எல்லாவற்றையும் கழற்றி மூலையில் போட்டார். துணிக் குழாய்க்கு அளவு போட்டு, முன்தோற்றம் பக்கத்தோற்றம் எல்லாம் வரைந்து கொண்டுவந்தார்.

"நல்லா கவனி வாணி. மூட்டு எவ்ளோ தளர்வா இருக்கோ, அவ்ளோ உயிர். நுனியில மட்டும் கனம் வேணும். புளியங்கொட்டை போடலாம்னு ஒரு யோசனை."

"அப்பிடிங்களா" என்றாள் கலைவாணி, புளியங்கொட்டை என்ற சொல்லையே அன்றுதான் கேட்டவள்போல. அவர் வரைபடத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தைத்து முடித்தாள்.

தொப்பைக்குள் ஒரே ஒரு குச்சி. சுடர்விழி அதைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கியதும் பூதம் உயிர் பெற்றது. கை ஒரு பக்கம் போக, கால் இன்னொரு பக்கம் போயிற்று. குலுக்கல் நின்ற பிறகும், பேச்சு முடிந்தும் முணுமுணுக்கிறவர் மாதிரி கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

விழாவன்று திரைக்கு மேலே கத்தரிக்காய்த் தலை எழுந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். பூதம் ஆடியது. சிரிப்பு கூடியது. பூதம் நின்றது. இப்போது பேச வேண்டும்.

பேச்சு வரவில்லை. பூதத்தின் கைகள் ஆடி ஆடிக் குறைந்து கடைசியில் அசையாமல் தொங்கின. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். தணிகாசலம் முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கலைவாணி திரையையே பார்த்தபடி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"யார்ரா என் மாமரத்தத் தொட்டது?"

கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. தணிகாசலம் எழுந்து நின்று கைதட்டினார். நாடகம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று பின்னாலிருந்தவர்கள் சொல்லி உட்கார வைத்தார்கள்.

முடிந்ததும் கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். மூவருக்கும் குச்சி ஐஸ். நடுவில் பூதம் சாய்ந்திருந்தது. காற்று அதன் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. இனியும் அடக்கிவைக்க முடியாமல் தணிகாசலம் தொண்டையைச் செருமினார். நட்டைக் கழற்றியது யார் என்று தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். தினமும் பின்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகச் சொன்னார். ஒருத்தருக்கும் தெரியாது, அப்படி நின்றேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கலைவாணி கடலைப் பார்த்துக்கொண்டு ஐஸ் சாப்பிட்டாள்.

சுடர்விழிதான் அவர் முழங்காலில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னாள்.

"கதவுக்கு அடியில உங்க கால் தெரியும்ப்பா. ஒரு ஆளு முன்னாடி பேசிப் பழகிட்டா அப்புறம் எத்தினி பேர் வந்தாலும் பயம் இருக்காதுன்னு அம்மா சொன்னாங்க. நாளையிலேர்ந்து நீங்க வந்து நிக்க வேணாம், எனக்குப் பழகிடுச்சி."