இத்தாலியிலிருந்து வந்த வீணை

கனடாவில், ஸ்காபரோ அடுக்குமாடிகளில் எதையும் மறைத்துக் கொண்டுபோய்விடலாம், லிஃப்டுக்குள் ஓர் அன்ரி நிற்காதவரை. நின்றால் பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்பதற்குத் தலையாட்டினாலே போதும், மிச்சக் கதையை அவரே கட்டிமுடித்துவிடுவார். என் மானம் போன கதையும் லிஃப்டில்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் வேலை செய்த தொழிற்சாலையில் டோனி என்ற இத்தாலியன் எனக்குக் கூட்டாளி. இத்தாலிய இராணுவம் எப்போதோ கழித்துவிட்ட பழைய துவக்குகளைச் சேர்ப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு சுடும் மைதானத்தில் அவற்றைச் சுட்டுப் பார்ப்பதும் அவனுடைய பொழுதுபோக்கு. (துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தவனுக்கு வாய்த்த சிநேகிதனைப் பாருங்கள்!) ஒருநாள் என்னையும் கூட்டிப்போனான். ஊரில் துவக்கின் குழாய்ப் பக்கத்தை மட்டுமே பார்த்தவன் நான். முதல்தடவையாக மரப்பிடிப் பக்கம் நின்றபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரிய சந்தோஷமாக இருந்தது. சோதனை எழுதி, அனுமதி எடுத்து, நானும் கார்கானோ என்ற நீள இத்தாலியத் துவக்கு ஒன்றை வாங்கிவிட்டேன்.

என் சுடும் திறமையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தத் துவக்கின் குறி, தூரத்தில் நிற்கும் எதிரிக்காக அமைத்தது. கிட்டத்தில் இருக்கும் கடதாசி இலக்குக்குக் குறிவைத்தால் குண்டு அதன் தலைக்கு மேலால் போய்விடும். இதைத் தெரிந்துகொள்ளும்வரை பின்னாலிருந்த மண்மேடுதான் என்னிடம் அடிவாங்கியது. (தெரிந்துகொண்ட பிறகும் அதுதான் வாங்கியது.) கடைசித் தோட்டா உள்ளே ஏறியதும், தோட்டாக்களைக் கோத்து வைத்திருந்த தகரக் கிளிப் வெறுமையாகி ‘டிங்’ என்று காலடியில் விழும். அந்த ஒன்றை மட்டும் நான் ஒவ்வொரு தடவையும் பிழையில்லாமல் செய்தேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. என் மனைவி சுகந்தி, பட்டாசுச் சத்தத்துக்கே கட்டிலுக்குக் கீழே போகிறவள். ஆகவே தோட்டாக்களை டோனி வீட்டில் விட்டேன். விசைக்குப் பூட்டுப் போட்டு, துவக்கை உறைக்குள் வைத்து, குளிர்க்கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உறையின் ஒரு முனை ஒடுக்கம், மறு முனை அகலம். லிஃப்டில் கீரைக்கட்டோடு நின்றவர் மேல்மாடிப் பவளம் அன்ரி.

“தம்பி, உது வீணையோ?”

தலையாட்டினேன்.

“சுகந்திக்குச் சொல்லாமல் வாங்கினனீரோ? தன்ரை வீணையை ஊரிலை விட்டிட்டு வந்ததைச் சொல்லிச் சொல்லி அழுறவள் பாவம். பயப்பிடாதையும், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

சொன்னபடியே செய்தார். கட்டடத்தில் என் ஒருத்தனுக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் என் கலியாண வாழ்க்கையின் பொற்காலம். சும்மா கிழமைநாளில் நண்டுக்கறி. “இஞ்சருங்கோ, களைச்சுப்போய் வந்திருக்கிறியள், இருங்கோ” என்று கைக்கே தேத்தண்ணீர். சுகந்தி வலக்கை நகங்களை வளர்க்கத் தொடங்கியிருந்தாள். கனடா நாகரிகம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீணை மீட்டுகிறவர்கள் நகம் வளர்ப்பார்கள் என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

வாணி விழா வந்தது. கட்டடத்தின் பார்ட்டி ரூமில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களையும் வயலினையும் மிருதங்கத்தையும் பூசைக்கு வைத்திருந்தார்கள். வேலை முடிந்து நான் ஓடிவந்து நுழைகிறேன், எல்லாவற்றுக்கும் நடுவில், பூமாலை போட்டபடி, என்னுடைய உறை! பக்கத்தில், பூசைக்கு முன் திறக்கக்கூடாது என்று அதைப் பிரித்தும் பாராமல் தூக்கிவந்த சுகந்தி, பட்டுச்சேலையில். என்னைக் கண்டதும் அவள் சிரித்த அந்தச் சிரிப்பு எங்கள் கலியாண அல்பத்தில்கூட இல்லை.

“சுகந்தி, அதைத் திறவாதையும்... இன்னும் சுருதி சேர்க்கேல்லை!”

“நான் சேர்ப்பன்,” என்றாள்.

பவளம் அன்ரி ஒரு கையில் சந்தனத்தோடு மறு கையால் உறையின் சிப்பை இழுத்துத் திறந்தார்.

நீளக் குழாயைக் கண்டதும், ஊரில் இராணுவச் சோதனைச்சாவடிகளில் பழகிய பழக்கத்தில், முன்வரிசையில் கைகள் தாமாகவே தலைக்கு மேலே போயின. பின்வரிசையும் தூக்கியது. இரண்டு பேர் வடைச் சட்டி இருந்த மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். ஓர் அங்கிள் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துத் துவக்கைப் பார்த்து நீட்டினார். அவர் நீட்டியது ஆஸ்பத்திரியில் காட்டுகிற கெல்த் கார்ட். அன்ரி மட்டும் அசையவில்லை. “ஆயுத பூசையுந்தானே, சந்தனம் காயுது” என்று துவக்கின் கட்டையில் பொட்டு வைத்துவிட்டார்.

சுகந்தி என்னைத் திட்டவில்லை. “இதுக்கு நரம்பு எங்கை?” என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குசினி மேசையடியில் உட்கார்ந்து நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். அந்த நகவெட்டியின் சத்தம் போல எந்தத் துவக்குச் சத்தமும் என்னைக் குத்தியதில்லை. அழுகை வந்தது எனக்குத்தான்.

அடுத்த நாளே துவக்கை டோனியிடம் கொடுத்துவிட்டு, சென்னையிலிருந்து ஒரு வீணைக்குச் சொல்லி அனுப்பினேன். அது வந்து இறங்கியபோது விமான நிலையத்திலிருந்து தன் ட்ரக்கில் ஏற்றிவந்தவனும் டோனிதான். லிஃப்டில் பவளம் அன்ரி உறையைத் தட்டிப் பார்த்த பிறகே எங்களை மேலே போகவிட்டார்.

இன்றுவரை வாணி விழாவில் சுகந்தி வீணை உறையின் சிப்பில் கைவைத்தவுடன் மண்டபம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேலே தூக்குகிறது. பெரியவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தூக்குகிறார்கள். எல்லோருக்கும் முதலில், கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்குகிறவள் என் பேத்தி. சரஸ்வதியை அப்படித்தான் கும்பிடவேண்டும் என்று அவள் நம்புகிறாள். நாங்கள் ஒருவரும் அவளைத் திருத்தவில்லை.